பதினோரு கோப்புகள்

பென் டிரைவ் காலியாகத் தெரிகிறதே என்று பதறி உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள் என்பதுதான், என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லும் புத்திமதி. பத்தில் ஒன்பது பேர் அந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். உள்ளே இருந்தது எங்கும் போயிருக்காது, அம்மா. அங்கேயேதான் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாதபடி அதன்மேல் ஒரு முத்திரை விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

காகிதம் கொடுத்ததற்கு நன்றி. வாயால் சொன்னால் உங்கள் எழுத்தர் அவசரத்தில் பாதியை விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. முப்பத்தோராண்டுகள் ஆவணப் பிரிவில் இருந்தவனுக்குத் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினால்தான் மனம் நிறைகிறது. பக்கங்களுக்கு எண் இட்டிருக்கிறேன். எழுத்து சற்றுக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கைநடுக்கம் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்த பிறகு உண்டானதன்று. மார்ச் பதினான்காம் தேதி முற்பகல் பதினொன்றரை மணியிலிருந்து இருக்கிறது.

என் பெயர் உத்தமன். வயது அறுபத்தெட்டு. ஆவடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கோப்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கோவில்பதாகையில் எங்கள் குடியிருப்பில் நான்கு கட்டிடங்கள், எழுபத்திரண்டு வீடுகள். பெரும்பாலும் தொழிற்சாலைக் குடும்பங்கள். ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் நான்தான். போட்டியே இருந்ததில்லை. 'சி' கட்டிடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டி சங்க அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் இரும்பு அலமாரி, ஒரு ஜன்னல். ஜன்னல் மாடிப்படியைப் பார்த்திருக்கும். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது செருப்புச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த அறையில் உட்கார்ந்து நான் செய்துவந்த சேவை சிறியது. கரையான்சாவடியிலும் காட்டுப்பாக்கத்திலும் ஜெராக்ஸ் கடைகளில் ஒரே கணினியில் நாள் முழுக்க ஊரார் பென் டிரைவ்களைச் செருகுகிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஷார்ட்கட் வைரஸ் தொற்றிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கல்யாண ஆல்பமும் பிள்ளையின் புராஜெக்ட்டும் ஓய்வூதிய விண்ணப்பமும் காணாமல் போயிருக்கும். அவை இருந்த இடத்தில் மூலையில் குட்டி அம்பு போட்ட சின்னங்கள் நிற்கும். அழாத குறையாக என்னிடம் ஓடிவருவார்கள். நான் அவர்களை உட்காரவைத்து ஒரு கதை சொல்வேன். கதை சொல்வது என் பழக்கம். 'கதை சார்' என்றே பலர் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஓர் அரசனின் தானியக் கிடங்குக்குள் ஒரு நரி புகுந்தது. நெல்லைத் தின்ன அதற்கு விருப்பமில்லை. ஒவ்வொரு குதிரின்மீதும் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு, அதற்கு முன்னால் அதே பெயர் எழுதிய வெறும் பானை ஒன்றை வைத்தது. அரசன் வந்து பானையைத் திறந்தான். உள்ளே ஒளிந்திருந்த நரிக்குட்டி அவன் அங்கிக்குள் புகுந்துகொண்டு அடுத்த கிடங்குக்குப் பயணமாயிற்று. நெல் போயிற்றே என்று அரசன் தலையில் அடித்துக்கொண்டான். நெல்லோ அவனுக்கு ஒரு முழத் தொலைவில் துணிக்கு அடியில் இருந்தது.

கதை முடிவதற்குள் என் வேலையும் முடிந்துவிடும். கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து 'அட்ரிப்' என்று ஒரு கட்டளையைத் தட்டுவேன். அதன் பக்கத்தில் கழித்தல் குறியோடு மூன்று எழுத்துகள். மறைத்துவைக்கும் முத்திரைகளை எடுத்துவிடு என்று பொருள். துணி விலகும், குதிர்கள் தெரியும். பிறகு வெறும் பானைகளையும், அந்த நரியாகிய சின்னஞ்சிறு நிரலையும் அழித்துவிடுவேன். கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டால் கோப்புகள் மறுபடி மறைந்துகொள்ளும். இரண்டுக்கும் ஒரு விசைதான் வித்தியாசம். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, தேவையும் ஏற்பட்டதில்லை.

ஒரு பதிவேடும் வைத்திருந்தேன். அதுதான் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. தேதி, பெயர், வீட்டு எண், உள்ளே கண்ட கோப்புகளின் எண்ணிக்கை, திருப்பிக் கொடுத்த கோப்புகளின் எண்ணிக்கை, பெற்றுக்கொண்டவர் கையொப்பம். இலவசமாகச் செய்கிற காரியத்துக்கு எதற்குப் பதிவேடு என்று சிரித்தவர்கள் உண்டு. என் பணிக்காலத்தில் என் பிரிவில் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை, அம்மா. அந்தப் பெருமையை ஓய்வுக்குப் பிறகும் விட்டுவிட மனம் வரவில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. சங்க அறைக்கு வீட்டிலுள்ளவர்கள் என்ன கொண்டுவந்தாலும் வீட்டுக்காரருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

'சி' கட்டிடம், மூன்றாம் மாடியில் விக்ரம். எங்கள் தொழிற்சாலையிலேயே டர்னர். வயது முப்பத்தாறு. புயல் வந்து ஏரி நிரம்பிய அந்த டிசம்பரில், என் மனைவி வனஜாவுக்கு மூச்சுத் திணறியது. இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. விக்ரம் அவளை முதுகில் சுமந்துகொண்டு பிரதான சாலை வரை நடந்தார். நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த முதுகை நான் எப்படி மறப்பேன்? சங்கத்தில் எந்த வேலைக்கும் முதலில் வந்து நிற்பவர் அவர். தண்ணீர் மோட்டார் பழுதானால் அவர், ஆடிக் கூழ் காய்ச்சினால் அவர்.

அவர் மனைவி ஹேமாவதி தருமபுரிப் பெண். ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்தாள். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. வந்த புதிதில் படியிறங்கும்போது ஏதாவது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பிறகு நின்றுபோயிற்று. அதையும் செருப்புச் சத்தத்தோடு சேர்த்து நான் கவனித்திருந்தேன்.

கடந்த நவம்பரில் விக்ரம் என்னிடம் வந்து, "சார், வீட்டுல ஒரே பிரச்சினை. அவ பிறந்த வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறா. நீங்க வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனேன். காபி கொடுத்தாள். கையில் வளையலுக்கு மேலே துணி சுற்றியிருந்தது. நான் ஆமைக் கதை சொன்னேன்.

நாரை ஒன்று தன் இணையின் அலகுக்குப் பயந்து ஏரியை விட்டே போகப் பார்த்தது. கரையிலிருந்த ஆமை அதைத் தடுத்து, என்னைப் பார், கல் விழும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறேன், நின்றதும் வெளியே வருகிறேன், அதனால்தான் எனக்கு நூறு வயது என்றதாம்.

ஹேமாவதி காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "ஆமைக்கு ஓடு இருக்கு சார். எனக்கு எங்க இருக்கு?" என்றாள்.

சமயோசிதமான பெண். விக்ரம் சிரித்தார். நானும் சிரித்தேன். சமாதானம் ஆகிவிட்டது என்று சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இருவரிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று நடந்தது அவ்வளவுதான் என்றே நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. விக்ரம் வேலைக்குப் போயிருந்தார், குழந்தை பள்ளிக்கு. பதினோரு மணிக்கு ஹேமாவதி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வருமுன் மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"சார், பென் டிரைவ் காலியா காட்டுது. நேத்து கரையான்சாவடியில ஒரு கடையில பிரிண்ட் போடலாம்னு குடுத்தேன். அங்க போட்டதுக்கு அப்புறம் எல்லாம் அம்பு அம்பா ஆயிடுச்சு."

"பதறாதீங்கம்மா. ஃபார்மட் பண்ணிடலையே?"

"இல்ல சார். பண்ணக் கூடாதுன்னு நீங்கதான கூட்டத்துல சொன்னீங்க."

"நல்ல புள்ள. உள்ள என்ன இருக்கு?"

"பாப்பா போட்டோ சார்."

பென் டிரைவைக் கழற்றுவதற்கு அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. தாலிக் கயிற்றில் பெண்கள் ஊக்கு மாட்டியிருப்பார்களே, அந்த ஊக்கில் கோத்து, ஜாக்கெட்டுக்குள் போட்டிருந்தாள். விரல் நகம் அளவுள்ள சின்ன உலோகத் துண்டு. உடம்புச் சூட்டோடு என் கைக்கு வந்தது.

"போன்ல ஒரு காப்பி இருக்குமேம்மா?"

"போன் உடைஞ்சிடுச்சு சார். இது ஒண்ணுதான்." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்குக் காலையில பூந்தமல்லியில ஒரு வக்கீலம்மாவைப் பாக்கணும். அதுக்குள்ள ஆயிடுமா சார்?" என்று கேட்டாள்.

குழந்தை போட்டோவுக்கு வக்கீல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் தான் சொல்லிவிட்டதை உணர்ந்தவள்போல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கே அவள் தோள்கள் காதுவரை உயர்ந்து இறங்கின. நான் கட்டளையைத் தட்டினேன். கழித்தல் குறி. துணி விலகியது.

இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். இருநூற்று மூன்று குழந்தையின் படங்கள். மீதிப் பதினொன்று 'பாப்பா தடுப்பூசி' என்று பெயரிட்ட ஃபோல்டரில் தனியாக இருந்தன. சரிபார்க்காமல் எதையும் ஒப்படைப்பது என் வழக்கமன்று. திரையைச் சற்று என் பக்கம் திருப்பிக்கொண்டு திறந்தேன்.

முதல் ஆறும் படங்கள். ஒரு முழங்கை, ஒரு கழுத்து, ஒரு முதுகு. மற்ற மூன்றைப் பற்றி நான் எழுதவில்லை, நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் அன்றைய நாளிதழ், தேதி தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. பயந்து நடுங்கிய நிலையிலும் எவ்வளவு ஒழுங்கு. என் பிரிவில் இருந்திருந்தால் அவள் நன்றாக வந்திருப்பாள். மற்ற ஐந்தும் ஒலிப்பதிவுகள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் சில நொடி கேட்டேன். ஒன்பதாவது கோப்பைக் கேட்டபோதுதான் என் கை முதன்முதலாக நடுங்கியது.

"வருதா சார்?"

"வருதும்மா. கொஞ்சம் பொறுங்க."

ஆவணப் பிரிவில் நான் கற்ற ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சில நேரம் ஒரு கோப்பு எல்லோருக்கும் சங்கடமாகிவிடும். அதைக் கிழிப்பவன் முட்டாள், பின்னால் அகப்பட்டுக்கொள்வான். வேறு அலமாரியில் வைத்துவிட்டால் போதும். பேரேட்டில் இருக்கும், அதே கட்டிடத்துக்குள் இருக்கும், யார் தேடினாலும் கிடைக்காது. பணிக்காலத்தில் இரண்டொரு முறை மேலிடத்தின் சொல்லுக்காக அப்படிச் செய்திருக்கிறேன்.

நான் எதையும் அழிக்கவில்லை. அதே கட்டளையை இன்னொரு முறை, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தட்டினேன். இம்முறை கூட்டல் குறி. ஃபோல்டர் மறைந்தது. வைரஸ் எதைச் செய்ததோ அதையே நானும் செய்தேன், அம்மா. அது அறியாமல் செய்தது.

"குழந்தை போட்டோ எல்லாம் வந்திருச்சும்மா. இருநூத்தி மூணு."

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கண்கள் மேலும் கீழும் ஓடின.

"தடுப்பூசின்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே சார்?"

"அது கெட்டுப்போச்சும்மா. வைரஸ் சில நேரம் அப்படி அரிச்சிடும். தடுப்பூசி அட்டைதான? ஆஸ்பத்திரியில கேட்டா வேற போட்டுத் தருவாங்க."

"ஒண்ணுகூடவா சார் வராது?"

"வராதும்மா."

"வேற யார்கிட்டயாவது குடுத்துப் பாத்தா?"

"எங்க குடுத்தாலும் அவ்வளவுதான்."

"ஒண்ணே ஒண்ணு வந்தாக்கூடப் போதும் சார்."

இல்லை என்று தலையசைத்தேன். பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். கண்டவை 214, கொடுத்தவை 203 என்று எழுதியிருந்தேன். பொய்க் கணக்கு எழுத என் கை வரவில்லை. பழக்கம். அந்த இரண்டு எண்களும் அவள் பேனா முனையிலிருந்து இரண்டு அங்குலத் தொலைவில் இருந்தன. அவள் பார்க்கவில்லை. கையொப்பமிட்டாள். பென் டிரைவை ஊக்கில் மாட்டி மறுபடி உள்ளே போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள்.

அன்று பிற்பகல் மூன்று மணியளவில் ஹேமாவதி மொட்டை மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். துணி காயப்போடப் போனவள் கால் இடறிவிட்டதாக விக்ரம் சொன்னார். உங்களுக்கு முன்பிருந்த அதிகாரி விசாரிக்க வந்தபோது, கருத்து வேறுபாடு ஏதுமற்ற குடும்பம் என்று செயலாளர் என்ற முறையில் நான் எழுதிக் கொடுத்தேன். தீர்மானப் புத்தகத்தில் சமாதானம் ஆனதற்குக் கையொப்பமே இருந்தது. உடலிலிருந்து எடுத்த பொருள்களில் பென் டிரைவும் இருந்தது. சங்கக் கணினியிலேயே செருகிப் பார்த்தார்கள். குழந்தை பலூன் பிடித்துக்கொண்டிருந்தது, குழந்தை கேக் வெட்டியது. பார்த்த காவலர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். நான் சாட்சிக் கையொப்பமிட்டேன்.

பிறகு மூன்று மாதங்கள். அவற்றைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பயம் என்பது ஒரே இடத்தில் இருந்தால் பழகிவிடும். அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் கணினியில் இருந்தது, பழுதாகிவிட்டது என்று சொல்லித் துணி போட்டு மூடினேன். பிறகு பதிவேட்டுக்குப் போயிற்று. அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், பூட்டியபின் அலமாரியையே பார்க்க முடியவில்லை. அந்த ஒரு தாளைக் கிழித்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கையில் பிடித்தும் பார்த்தேன். பக்க எண் விடுபட்டுப் போகுமே என்று வைத்துவிட்டேன்.

விக்ரம் முன்போலவே இருந்தார். குழந்தையைத் தருமபுரிக்கு அனுப்பிவிட்டார். வனஜாவுக்கு இளநீர் வாங்கி வருவார். அவர் படியேறும் சத்தம் கேட்டால், அது மூன்றாம் மாடியில் நிற்கும்வரை படிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். என் தோளில் கை வைத்தார். "சார், நீங்க இன்னும் பத்து வருஷம் செயலாளரா இருக்கணும். உங்கள மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டாங்க" என்றார். அந்தக் கையின் கனம் இப்போதும் தோளில் இருக்கிறது.

முந்தாநாள் காலை எல்லம்மா அறையைப் பெருக்க வந்தாள். நான்கு கட்டிடங்களின் படிகளையும் பெருக்குகிறவள். பழைய கிராமத்துக் குடும்பம். இந்தக் குடியிருப்பு நிற்கும் நிலத்தில் ஒரு பகுதி அவள் மாமனாருடையது. ஹேமாவதி வீட்டில் பாத்திரம் தேய்த்தவளும் அவள்தான். அலமாரியை நகர்த்திப் பெருக்க வேண்டும், உள்ளே கரையான் ஏறுகிறது என்றாள். திறந்துவிட்டேன். என் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பதிவேட்டைத் தட்டித் துடைத்தவள் அதைத் திறந்து, விரலால் தடவியபடி நின்றாள்.

"உனக்குப் படிக்கத் தெரியாதே எல்லம்மா" என்றேன்.

"எழுத்துதான் சார் தெரியாது. நம்பர் தெரியும். நம்பர் தெரியாம பஸ்ஸு ஏற முடியுமா?" என்று சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினாள். "எல்லா வரியிலயும் ரெண்டு நம்பரும் ஒண்ணாவே கீது. இந்த ஒரு வரியில மட்டும் இன்னா சார் கொறையுது?"

நான் எட்டிப் பார்க்கவில்லை. எந்த வரி என்று தெரியும்.

"அந்தப் பொண்ணு கையெழுத்து இது. மாசாமாசம் பால்கார்டுல போடும், பாத்துகீறேன். சொல்லு சார், பதினொண்ணு எங்க போச்சு?"

"எல்லம்மா, ஒரு காட்டுல ஒரு முயல் இருந்துச்சாம்..."

"கத வோணாம் சார்." அவள் குரலை உயர்த்தவேயில்லை. "அன்னிக்கு ஊட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வந்துகினு இருந்தேன். வாசல்ல நின்னு சொல்லிச்சு. 'யக்கா, எல்லாம் போயிடுச்சு, சார் பாத்துட்டாரு, ஒண்ணுகூட வரலையாம்'னு. இன்னாத்த சொல்லுதுன்னு அப்ப எனக்குப் புரியல. நீ கத சொல்லிகினே கீற. அது செத்தே பூட்ச்சு."

பதிவேட்டைப் பழைய பேப்பர்களோடு சேர்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு உங்கள் காவலர்கள் வந்தார்கள்.

உறையைப் பிரித்து, என்னையே அந்தக் கட்டளையைத் தட்டச் சொன்னீர்கள். தட்டினேன். கழித்தல் குறி. பதினொன்றும் வந்தன. ஒன்பதாவதை நீங்கள் மூன்று முறை ஓடவிட்டீர்கள். மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டீர்கள். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

அது நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவள் போன் எங்கோ இருந்து பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது. என் குரல் ஆமைக் கதையைச் சொல்கிறது. ஓடு எங்க இருக்கு என்று அவள் கேட்கிறாள். சிரிப்பு. பிறகு டம்ளர் உருளும் சத்தம், அதற்குப் பின் நீங்கள் கேட்ட அந்தச் சத்தம், இரண்டு முறை. அவள் "சார்" என்று என்னைக் கூப்பிடுகிறாள். பிறகு மறுபடி என் குரல் வருகிறது. பதற்றமில்லாத, மரியாதையான குரல்.

"தம்பி, ஜன்னல் திறந்திருக்கு பாருங்க."

அதைத்தான் நான் சொன்னேன். அவர் எழுந்து சாத்தினார். நான் அதற்குப் பிறகும் பத்து நிமிடம் இருந்தேன். தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. அவள் இடது கையால் போட்டாள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டீர்கள். குடும்பம் கலையக் கூடாது என்றேன். குழந்தைக்குத் தகப்பன் வேண்டும் என்றேன். வெள்ளத்தில் என் மனைவியைச் சுமந்த முதுகைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்பதாவது கோப்பில் என் குரல் இல்லாதிருந்தால் மற்றப் பத்தையும் நான் அவளிடம் கொடுத்திருப்பேனா என்று நீங்கள் கேட்டபோது, தண்ணீர் கேட்டேன். கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லும் வழக்கம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். ஹேமாவதி நன்றி சொல்லிவிட்டுப் படியேறினாள். அவள் செருப்புச் சத்தம் மூன்றாம் மாடியில் நின்றதும் விக்ரமுக்குப் போன் செய்தேன். "வீட்டம்மா ஒரு பென் டிரைவ் கொண்டாந்தாங்க தம்பி. நாளைக்குப் பூந்தமல்லியில வக்கீலைப் பாக்கப் போறாங்க போலிருக்கு. ஒண்ணும் கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிட்டேன். நீங்களும் கொஞ்சம் பக்குவமாப் பேசுங்க" என்றேன். பக்குவமாக என்ற சொல்லை நான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டரை மணிக்கு வந்தார். என் ஜன்னலைத் தாண்டும்போது வணக்கம் வைத்தார்.

சிறிது நேரத்தில் மேலே பீங்கான் உடையும் சத்தம் கேட்டது. பிறகு படியில் செருப்பில்லாத கால்கள் ஓடின. கீழே இறங்கவில்லை, மேலே ஏறின. இறங்கும் வழியில் அவர் நின்றிருக்க வேண்டும். பின்னாலேயே ஷூ அணிந்த கால்கள், அவசரமில்லாமல். அவள் கூப்பிட்டாள். 'அம்மா' என்று கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவள் 'சார்' என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் கட்டிடத்தில் அப்படி அழைக்கப்படுகிறவன் நான் ஒருவனே.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மேசைக்கு வந்து அன்றைய வரியை ஒருமுறை சரிபார்த்தேன்.

இவையெல்லாம் நானே, யார் வற்புறுத்தலும் இன்றி எழுதியவை. தண்டனைக்குப் பயப்படுகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். பதினோரு கோப்புகளை நான் அழித்துவிட்டதாக உங்கள் எழுத்தர் முதல் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அந்த வரியைத் திருத்திவிடுங்கள். அவள் அவற்றைக் கழுத்தில் அணிந்துகொண்டுதான் கடைசிவரை ஓடினாள். எண்ணிப் பாருங்கள், பதினொன்றும் இருக்கின்றன. என் பொறுப்பில் இன்றுவரை ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, அம்மா.